சண்டிக் குதிரை

ஆளுவோர் கையில் வாள் உண்டு, சட்டம் உண்டு, சிறைக்கூடம் உண்டு. இவற்றை நாம் அறிவோம். அறிந்து அஞ்சுவோரும் இருக்கின்றனர். அறிந்தும் அஞ்சாது எதிர்ப்போரும் இருக்கின்றனர். ஆனால் அவர்கள் கையில் மற்றொரு கருவியும் உண்டு. அதற்கு ஓசை இல்லை, ஒளி இல்லை, அதன்மீது குருதி படிவதும் இல்லை. பெயர்ச்சொல்லுக்கு முன்னே பணிவோடு வந்து நிற்கும் ஒரு சின்னஞ்சிறு சொல் அது. இலக்கணத்தார் அதைப் பெயரடை என்பர். ‘அடங்காத கூட்டம்’, ‘கலகக்கார மாவட்டம்’, ‘பதற்றமான பகுதி’ என்று எழுதுகோல் ஓடுகிறது. அந்த ஒரு சொல் விழுந்த மறுகணமே, அதன் பின்னால் நிற்கும் மக்கள் அத்தனை பேரும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகின்றனர். வழக்கு இல்லை, வாதம் இல்லை, சாட்சி இல்லை. தீர்ப்பு மட்டும் உண்டு!

ஆங்கில நாளேடுகளைப் படிக்கும் இளைஞர்கள் ‘ரெஸ்டிவ்’ என்னும் சொல்லை அடிக்கடி சந்தித்திருப்பார்கள். எல்லைப்புற மாநிலமொன்றில் கிளர்ச்சி என்றால் அந்த மாநிலம் ‘ரெஸ்டிவ்’. தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு அறிவிப்புக் கொடுத்தால் அவர்கள் ‘ரெஸ்டிவ்’. மாணவர் வகுப்பை விட்டு வெளியேறினால் அவர்களும் ‘ரெஸ்டிவ்’. அமைதியற்ற, பொறுமையிழந்த, கட்டுக்குள் நிற்காத என்ற பொருளில் அச்சொல் இன்று வழங்குகிறது. பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்போரும் அவ்வாறே பொருள் சொல்லிக் கொடுக்கிறோம்.

ஆயின், அச்சொல்லின் பிறப்பைத் தேடிச் சென்றால் வியப்பு காத்திருக்கிறது. இலத்தீனத்தில் ‘ரெஸ்டாரே’ என்றால் பின்தங்கி நிற்றல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, நின்ற இடத்தை விட்டு அசையாத குதிரையைக் குறித்தது. சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில அகராதியும் இதைத்தான் சொல்லுகிறது: களைப்பு இல்லாதிருந்தும், ஓட்டினாலும் முன்செல்ல மறுக்கும் குதிரைக்கு உரிய சொல் அது. அதாவது, அசையாமல் நிற்பதைக் குறிக்கப் பிறந்த சொல், காலப்போக்கில் நிலைகொள்ளாமல் துள்ளுவதைக் குறிக்கத் தொடங்கிவிட்டது! பொருள் நேர் எதிராகத் திரும்பிவிட்டதே, ஓய்வற்ற என்று பொருள்படும் ‘ரெஸ்ட்லெஸ்’ வேறு, இது வேறு அல்லவா என்று வாதிட்ட ஆங்கில நடை வல்லுநர்களும் உண்டு.

நமக்கு அந்தக் குதிரை புதியதன்று. நுகத்தில் பூட்டியதும் படுத்துக்கொள்ளும் மாட்டை நம் உழவன் சண்டிமாடு என்கிறான். சவுக்கடி பட்டும் அடியெடுத்து வைக்காத குதிரை சண்டிக் குதிரை. மறுத்து நிற்பவனைப் பார்த்து, சண்டித்தனம் செய்யாதே என்கிறோம். ‘ரெஸ்டிவ்’ என்பதன் பழம்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் தேடவேண்டியதில்லை.

அசையாத குதிரைக்கும் துள்ளுகிற குதிரைக்கும் ஒரே பெயர் வந்தது எப்படி? இது வெறும் சொல்லாராய்ச்சி என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள், தோழர்களே! இந்த வினாவுக்குள் ஓர் அறவினா அடங்கிக் கிடக்கிறது. குதிரையின் பக்கத்திலிருந்து பார்த்தால், நிற்பது வேறு, துள்ளுவது வேறு. புல்வெளியில் நிற்கும் குதிரையை எவனும் சண்டி என்று அழைப்பதில்லை. அது துள்ளினாலும் அழைப்பதில்லை. அழகாய்த் துள்ளுகிறது என்று கண்டு களிப்பான். முதுகில் ஒருவன் ஏறி அமர்ந்த பிறகே அந்தச் சொல் பிறக்கிறது. ஏறியவனுக்கு இரண்டும் ஒன்றே. போ என்றால் நிற்கிறது, நில் என்றால் போகிறது. எப்படியோ என் விருப்பம் நிறைவேறவில்லை! ஆக, அந்தப் பெயரடை குதிரையின் நிலையைச் சொல்லவே இல்லை. சேணத்தில் இருப்பவனின் ஏமாற்றத்தைச் சொல்லுகிறது. ஆனால் எழுதும்போது சேணமும் தெரிவதில்லை, சவாரி செய்பவனும் தெரிவதில்லை; குதிரை மட்டும் குற்றவாளியாக நிற்கிறது.

பழனி மலைத்தொடர் இந்த உண்மைக்கு நல்ல பாடசாலை. கொடைக்கானலுக்கு இன்று பேருந்தில் பாட்டுக் கேட்டபடி ஏறுகிறோம். மோட்டார்ச் சாலை அங்கே சென்றது இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான். மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரிமார் 1845இல் அங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினர். அதுமுதல் ஆண்டுதோறும் கோடை வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையர் 7,000 அடி உயரத்துக்கு ஏறத் தொடங்கினர். எப்படி ஏறினர்? சமவெளியை மாட்டுவண்டியில் கடந்து, அடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பை அடைவர். அதற்குமேல் செங்குத்தான ஒற்றையடிப் பாதை. நடந்து சென்றோர் சிலர். குதிரையேறிச் சென்றோர் சிலர். நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்து சென்றோர் பலர். நாற்காலிக்குக் கால் நான்கு உண்டு, ஆனால் அது நடக்காது. அதன் கீழே தோள்கள் இருந்தன. அந்தத் தோள்களுக்கு உரியவர்கள் நம் மக்கள்!

ஒரே பாதை, ஒருபக்கம் துரையைச் சுமந்த குதிரை, மறுபக்கம் துரையைச் சுமந்த மனிதன். பாதி வழியில் குதிரை நின்றுவிட்டால் அது சண்டி. சரி, நாற்காலி சுமப்பவன் நடுவழியில் அதை இறக்கி வைத்து, பாரம் அதிகம், கூலி போதாது என்று கேட்டிருந்தால்? அவனுக்கும் அதே பெயரடைதான் கிடைத்திருக்கும். கொடுமை எங்கே என்று கவனியுங்கள். குதிரைக்கு வாய் இல்லை. அது ஏன் நின்றது என்பதைச் சொல்லத் தெரியாது. காலில் முள்ளா, சேணத்தின் கீழே புண்ணா, முன்னே பள்ளமா, நாம்தான் ஊகிக்க வேண்டும். மனிதனுக்கோ வாய் உண்டு; அவன் காரணத்தைச் சொல்லிவிட்டான். சொன்ன காரணத்தைக் காதில் வாங்காமல், இவன் சுபாவமே இப்படித்தான் என்று எழுதிக்கொள்வதற்கே அந்தப் பெயரடை பயன்படுகிறது. காரணம் குணமாகிவிடுகிறது! காரணத்துக்கு மறுமொழி சொல்லவேண்டும். குணத்துக்கு மறுமொழி வேண்டியதில்லை, சவுக்கு போதும். அமைதியின்மையைக் குறிக்கும் பெயரடைகளின் அடிப்படைச் சூழ்ச்சி இதுவே என்பது என் முடிவு.

இதே மலையின் வடக்கு அடிவாரத்துக்கு இறங்குங்கள். பழனிக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் அருகே விருப்பாச்சி என்ற ஊர் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர்ப் பாளையக்காரராக இருந்தவர் கோபால நாயக்கர். 1772இல் கணவனையும் அரசையும் இழந்த சிவகங்கை வேலு நாச்சியாருக்குப் புகலிடம் தந்த ஊர் அது. கும்பெனியாரின் வரிக்கும் வல்லாட்சிக்கும் எதிராகத் திண்டுக்கல் வட்டாரப் பாளையக்காரர்களைக் கோபால நாயக்கர் ஒன்றுசேர்த்தார். 1800இல் கோவைக் கோட்டையைத் தாக்கும் முயற்சி தோற்றது. 1801இல் அவரும் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். கும்பெனியாரின் கடிதங்களில் இத்தகைய பாளையக்காரர்களுக்கு ‘ரிஃப்ராக்டரி’ என்றும் ‘டர்புலன்ட்’ என்றும் பெயரடைகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. முன்னது முரண்டு பிடிக்கிற என்று பொருள்படும்; பின்னது கொந்தளிக்கிற என்று பொருள்படும். கடல் கடந்து வாணிகம் செய்ய வந்தவன் அமைதியானவன். அவனுக்கு வரி கட்ட மறுத்த மண்ணின் மைந்தன் கொந்தளிப்பவன்! இன்று அதே விருப்பாச்சியில் கோபால நாயக்கருக்கு மணிமண்டபம் நிற்கிறது. மனிதர் மாறவில்லை, செயல் மாறவில்லை. எழுதுகோல் பிடித்த கை மாறியது, பெயரடை தலைகீழாயிற்று.

பாளையக்காரரும் சேணத்தில் அமர்ந்தவர்தாமே, அவர் காலடியில் உழவர் இல்லையா என்று கேட்கும் தோழருக்கு வாழ்த்து! அந்தக் கேள்வி பகுத்தறிவின் கேள்வி. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இங்கே தமிழ் இலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. ‘ரெஸ்டிவ்’ என்ற ஒரு சொல்லைத் தமிழில் பெயர்க்க முனைந்தால் மூன்று வழிகள் தென்படும். ‘அடங்காத குதிரை’ என்று சொல்லலாம். இதில் குற்றம் முழுதும் குதிரையினுடையது. அடங்குவது அதன் கடமை, அது தவறிவிட்டது. ‘அடக்க முடியாத குதிரை’ என்று சொல்லலாம். இப்போது யாரோ ஒருவன் அடக்க முயன்றான், தோற்றான் என்பது வெளியே தெரிந்துவிடுகிறது. ‘அடங்க மறுக்கும் குதிரை’ என்றும் சொல்லலாம். இப்போது குதிரைக்கு ஓர் உள்ளம் வந்துவிடுகிறது. மறுப்பதற்கு ஏதோ காரணம் இருக்கவேண்டும் என்று கேட்பவன் எண்ணத் தொடங்குகிறான். அடங்கு என்பது தன்வினை; அடக்கு என்பது பிறவினை. ஒடுங்கு, ஒடுக்கு, முடங்கு, முடக்கு என்று ஒற்றெழுத்து ஒன்றில் அடக்குகிறவனைக் காட்டிக்கொடுக்கும் மொழி நம் மொழி. ஆங்கிலத்தில் மறைந்துகொள்ள முடிந்தவன் தமிழில் மறைந்துகொள்ள முடியாது, நாம் விழிப்போடு எழுதினால்! வள்ளுவர் அதிகாரம் வகுத்துப் பேசிய அடக்கம் தன்னைத் தான் காத்துக்கொள்ளும் தன்வினை அடக்கம். ஆதிக்கக்காரர்களோ அதன் பெயரைச் சொல்லியே பிறவினையை நடத்திவிடுகிறார்கள்.

பெயரடை காகிதத்தில் நின்றுவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது சட்டமாகவும் மாறும். மலையிலிருந்து தென்கிழக்கே இறங்கி வைகையைக் கடந்தால் உசிலம்பட்டி வட்டாரம். பிறந்த குடியைக் கொண்டே மனிதனைக் குற்றவாளி என்று முத்திரை குத்தும் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிரமலைக் கள்ளர் மக்கள் மீது அது பாய்ந்தபோது அவர்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். கைரேகை பதிவு செய்யவேண்டும்; இரவில் காவல் நிலையத்தில் சென்று படுக்கவேண்டும்; வெளியூர் செல்லச் சீட்டு வாங்கவேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்து நின்றனர். துப்பாக்கி பேசியது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்டுப் பலர் மாண்டனர். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவனைத் தண்டிப்பது நீதி. ஒரு குடிக்குப் பெயரடை சூட்டி, தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் அதில் சேர்ப்பது என்ன நீதி? நம் நாட்டில் சாதி செய்துவந்த வேலையை வெள்ளையன் சட்டமாக எழுதிவிட்டான், அவ்வளவே! 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. 1952இல் இந்தியா முழுவதும் நீங்கியது.

வெள்ளையன் போனான், பெயரடை போயிற்றா? 1965ஆம் ஆண்டைப் பாருங்கள். இந்தி ஒருமொழி ஆதிக்கத்தை எதிர்த்து மதுரையிலும் சென்னையிலும் சிற்றூர்களிலும் மாணவர் திரண்டனர். அரசுக் கணக்குப்படியே சுமார் 70 பேர் உயிரிழந்தனர். அவர்கள் சொன்ன காரணம் தெளிவானது: எங்கள் மொழி பேசும் மக்கள் இந்த நாட்டில் இரண்டாந்தரக் குடிகளாகக் கூடாது. இதற்கு மறுமொழி சொல்வது கடினம். ‘மாணவர் அமைதியின்மை’ என்று பெயர் சூட்டுவது எளிது. பெயர் சூட்டினர், மறுமொழி சொல்லவில்லை. இரண்டே ஆண்டில், 1967இல், மக்கள் மறுமொழி சொன்னார்கள். 1968 சனவரி 23இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அமைதியின்மை எனப்பட்டது கொள்கையாயிற்று.

அதே 1965இல் காசுமீரத் தலைவர் ஷேக் அப்துல்லா கைது செய்யப்பட்டு, முதலில் உதகையிலும் பிறகு கொடைக்கானலிலும் காவலில் வைக்கப்பட்டார். ஆங்கில ஏடுகளில் ‘ரெஸ்டிவ்’ என்ற அடைமொழியை மிகுதியாகச் சுமந்த மாநிலத்தின் தலைவர், நாட்டிலேயே மிக அமைதியான மலையொன்றில்! ஏரி உண்டு, மூடுபனி உண்டு, பைன் மரக் காற்று உண்டு. வெளியேறும் உரிமை மட்டும் இல்லை. அவருடைய அரசியலை ஏற்பவர் இருக்கலாம், ஏற்காதவர் இருக்கலாம். அந்த வழக்கை இங்கே நான் நடத்தப் புகவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். தலைவரை அமைதியான இடத்துக்குக் கொண்டுபோனதால் அவர் எழுப்பிய கேள்வி அமைதியாகிவிட்டதா? 1968இல் அவர் முழு விடுதலை பெற்றார்; 1975இல் அதே மாநிலத்தின் முதலமைச்சராக அமர்ந்தார். பெயரடை கொடுத்தவர்களே பதவிப் பிரமாணத்துக்கும் வழிவிட வேண்டியதாயிற்று.

அமைதி என்பது எப்போதும் நல்லதுதானா என்பதையும் அதே கொடைக்கானலில் ஆராயலாம். பாதரசத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பழம்பெயர் உண்டு. உயிருள்ள வெள்ளி என்பது அதன் பொருள். ஓரிடத்தில் நில்லாமல் ஓடுவதால் அப்பெயர். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையொன்று 1980களின் முற்பகுதியில் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. நில்லாத உலோகத்தைக் கண்ணாடிக் குழாயில் அடைப்பது அங்கே வேலை. உலோகம் குழாயில் மட்டும் நிற்கவில்லை. பாம்பாறு சோலைப் பக்கத்து மண்ணிலும் கலந்தது. ஆண்டுக்கணக்கில் மலை அமைதியாக இருந்தது. ஏற்றுமதி நடந்தது, கூலி கிடைத்தது, எவரும் ‘ரெஸ்டிவ்’ ஆகவில்லை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதிப் பழைய பொருள் கிடங்கொன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் குவியல் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதுதான் ஊர் எழுந்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் தொழிலாளரும் பொதுமக்களும் தெருவுக்கு வந்தனர். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு விளையவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். ஆயினும் 2016இல் 591 முன்னாள் தொழிலாளருடன் அந்நிறுவனம் உடன்பாடு கண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சோபியா அஷ்ரப் பாடி வெளியிட்ட காணொளி உலகெங்கும் பரவியது. அதன் பெயரே ‘கொடைக்கானல் வோண்ட்’. கொடைக்கானல் மாட்டாது! சண்டி என்ற சொல்லை ஓர் ஊரே பெருமையோடு தன் நெற்றியில் எழுதிக்கொண்டது.

சொல்லுங்கள், தோழர்களே! எந்த ஆண்டுகள் நோயுற்ற ஆண்டுகள்? ஊர் எழுந்த ஆண்டா, எழாமல் இருந்த ஆண்டுகளா? வலி இல்லாத உடல் நலமான உடல் என்று எண்ணுவது பேதைமை. தொழுநோய் பற்றிய கையில் நெருப்புப் பட்டாலும் வலிப்பதில்லை. அதை எவரும் நலம் என்று சொல்வதில்லை. அமைதியின்மை சமுதாயத்தின் வலி. வலியை மட்டும் அடக்கிவிட்டு நோயை விட்டுவைக்கும் மருத்துவனை நாம் என்னவென்று அழைப்போம்?

இனி, முன்னர்க் கேட்ட தோழருக்கு வருகிறேன். அப்படியானால் மறுத்து நிற்பவன் எல்லாம் நல்லவனா, கொந்தளிப்பு எல்லாம் அறமா? இல்லை. மீண்டும் உசிலம்பட்டி வட்டாரத்துக்கே செல்வோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் ஆதித்திராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுக் காலம் அங்கே முறையான தலைவர் பதவி ஏற்று நிலைக்க முடியவில்லை. தேர்தல் நடவாமல் போயிற்று, அல்லது வென்றவர் உடனே விலகும்படி ஆயிற்று. 2006 அக்டோபரில்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்தப் பத்தாண்டுகளில் ஏடுகள் அவ்வூர்களைப் ‘பதற்றமான ஊர்கள்’ என்றன. யாருக்குப் பதற்றம்? வேட்புமனு எழுதக் கை நடுங்கியவனுக்கா, அவன் தலைவர் நாற்காலியில் அமர்வதைக் காணப் பொறாதவனுக்கா? பெயரடை இருவரையும் ஒரே சாக்கில் கட்டிவிட்டது! கைரேகைச் சட்டத்தை எதிர்த்து மார்பு காட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுள் ஒரு சாரார், பிறர் கழுத்தில் கடிவாளம் பூட்டும் உரிமைக்காக மறுத்து நின்றார்கள் என்பது கசப்பான உண்மை. கசப்பாயினும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆகவே மறுப்பை அளக்க ஓர் உரைகல் வேண்டும். மறுப்பவன் தன் கழுத்தின் விடுதலைக்காக மறுக்கிறானா, பிறன் முதுகின்மீது அமரும் உரிமைக்காக மறுக்கிறானா என்று பாருங்கள். நாற்காலியை இறக்கி வைத்தவனின் மறுப்பு முதல் வகை. நாற்காலியிலிருந்து இறங்க மாட்டேன் என்பவனின் மறுப்பு இரண்டாம் வகை. விருப்பாச்சிப் பாளையக்காரரையும் இந்த உரைகல்லிலேயே உரைத்துப் பாருங்கள். கும்பெனிக்கு முன்னே அவர் நின்ற நிலை பொன்னாகத் தோன்றும். அவர் பாளையத்து உழவன் கண்ணுக்கு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. ஒரே மனிதன் காலையில் குதிரையாகவும் மாலையில் சவாரிக்காரனாகவும் இருக்கக்கூடும். பகுத்தறிவாளன் இருபொழுதும் விழித்திருக்க வேண்டும்.

இந்த உரைகல்லை எதிரிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வோமானால் நாம் சீர்திருத்தக்காரர் அல்லர், கட்சிக்காரர் மட்டுமே. 1967 முதல் தமிழகத்தின் கடிவாளம் திராவிட இயக்கத்தின் வழிவந்தோர் கைக்கு வந்துவிட்டது. மறுத்து நின்றவர்களைக் கண்டபோது நாம் என்ன பெயரடை எழுதினோம்? 1968 டிசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களில் 44 உயிர்கள் கீழ்வெண்மணியில் எரிந்தன. 1999 சூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளருக்காக நெல்லையில் நடந்த ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் தடியடிக்கு ஆளாயிற்று. 17 பேர் மாண்டனர். 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஆலைக்கு எதிராகத் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 பேர் மாண்டனர். இடையில் ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின. மனுக் கொடுக்க வந்தவனைக் கலகக்காரன் என்று காணும் கண் மாறவில்லையே! 1965இல் நம்மைச் சுட்ட சொல்லை நாமே எடுத்துப் பிறரைச் சுடுவதற்காகவா அத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள்?

ஆட்சி பெரிய இடம். நம் வீட்டுக்குள்ளும் பாருங்கள். எதிர்த்துப் பேசும் பெண்ணுக்கு ‘அடங்காப்பிடாரி’ என்று பெயர். படிக்கவேண்டும் என்றாள், விரும்பியவனை மணக்கவேண்டும் என்றாள், தந்தை சொத்தில் பங்கு கேட்டாள். காரணம் ஒவ்வொன்றும் தெளிவானது. மறுமொழி சொல்ல வகையற்றவர்கள் பிடாரியைத் துணைக்கு அழைக்கிறார்கள். 1929ஆம் ஆண்டிலேயே செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் செய்தது. கேட்ட அந்த உரிமை தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுகள்! அத்தனை ஆண்டும் அந்தப் பெயரடை வேலை செய்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடமும் விலக்கன்று. ‘அடங்காத மாணவன்’ என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதுவது எவ்வளவு எளிது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்பவர் அறிவோம். காலையில் உண்ணாமல் வந்தானா, பாடம் விளங்கவில்லையா, பக்கத்தில் இருந்தவன் சாதி சொல்லி இழிவு செய்தானா என்று கேட்பதற்கு நேரம் பிடிக்கும். பெயரடை எழுத ஒரு நொடி போதும்.

எல்லாக் கடிவாளங்களிலும் கொடியது கண்ணுக்குத் தெரியாத கடிவாளம். தலைவிதி என்றும் முன்வினை என்றும் பெயர் சொல்லி அதை நம் முன்னோர் வாயில் மாட்டினார்கள். வெளியில் இருக்கும் கடிவாளத்தைக் குதிரை உணரும், அறுக்க முயலும். பிறவியிலேயே உன் வாயோடு முளைத்தது இது என்று நம்பவைத்துவிட்டால், குதிரை அதை நக்கி மகிழும். பெரியார் தம் வாழ்நாளெல்லாம் செய்த வேலை, அந்தக் கடிவாளம் தோல் அன்று, வார் என்று தொட்டுக் காட்டியதுதான். தொட்டுக் காட்டப்பட்டவன் நின்றான். நின்றவனைச் சண்டி என்றார்கள். ஆம், அவன் சண்டிதான். சுமக்கப் பிறந்தவன் நான் அல்லன் என்று முதல்முறை நின்ற ஒவ்வொரு மனிதனும் சுமத்தியவன் ஏட்டில் சண்டிதான்.

இளைஞர்களே! நாளைக் காலை நாளேட்டை விரிக்கும்போது இதைச் செய்து பாருங்கள். ‘பதற்றமான’, ‘கொந்தளிக்கும்’, ‘கட்டுக்கடங்காத’ என்று ஏதேனும் ஒரு பெயரடை கண்ணில் பட்டால், அதை அடித்துவிட்டு எஞ்சிய வரியைப் படியுங்கள். அவர்கள் கேட்டது என்ன என்று அந்தச் செய்தியில் எங்கேனும் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதவில்லையென்றால் நீங்கள் சென்று கேளுங்கள், கேட்டு எழுதுங்கள். கேட்டபின் அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று தோன்றினால் அதையும் அஞ்சாமல் சொல்லுங்கள். காரணத்துக்குக் காரணம் சொல்லுவதே மனிதனை மனிதனாக மதிப்பது. அதற்கு முன்னால், ‘சண்டி’ என்று எழுதிய கையை ஒருமுறை உற்று நோக்குங்கள். அதன் மறுகையில் கடிவாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கை உங்களுடையதாக இருந்தாலும் பாருங்கள்.